இரண்டே முக்கால் கிலோ

வெங்கடராகவன் ஒரு லென்ஸைத் தேர்ந்தெடுக்க எடுத்துக்கொண்ட ஒன்பது மாதத்துக்குள் அவருடைய மகள் விஷாகா ஒரு மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, அவனோடு இரண்டு தடவை சண்டை போட்டு, சமாதானமாகி, வீட்டிலும் சொல்லிவிட்டாள். பையன் பெயர் அத்வைத். சிறுசேரிக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் அவளுக்கு இரண்டு சீட் தள்ளி உட்காருகிறவன். ஒப்பீட்டு அட்டவணை ஒன்றுகூடப் போடாமல் ஒருத்தி இவ்வளவு பெரிய முடிவை எப்படி எடுத்தாள் என்பது வெங்கடராகவனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அவருக்கு அணுபுரத்தில் குடியிருப்பு. வேலை, முப்பத்தொரு வருஷமாக அணுமின் நிலையத்தின் கொள்முதல் பிரிவில். அங்கே ஒரு வால்வு வாங்குவதென்றால் நாற்பது பக்கம் எழுதுவார்கள். வால்வுக்கு அது வேண்டியதுதான். கத்தரிக்காய்க்கு வேண்டியதில்லை என்று அவர் மனைவி ஜெகதாம்பாள் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். வீட்டு கிரைண்டருக்கு மூன்று கடையில் கொட்டேஷன் வாங்கியவர் அவர். நான்காவது கடைக்காரன் கொட்டேஷன் தராமல் நேராக கிரைண்டரையே கொடுத்தனுப்பியபோது தகுதியில்லை என்று திருப்பி அனுப்பியவரும் அவரேதான்.

லென்ஸ் ஆசைக்குக் காரணம் அவருடைய சொந்தக் கல்யாண ஆல்பம். தாலி கட்டுகிற படத்தில் யாரோ ஒரு மாமாவின் அகலமான முதுகுதான் இருக்கிறது. வலது ஓரத்தில் வெங்கடராகவனின் ஒரு காது. ஜெகதாம்பாள் மொத்தமும் முதுகுக்குப் பின்னால். இருபத்தெட்டு வருஷமாக அந்த முதுகைப் பார்த்துப் பார்த்து அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். விஷாகாவுக்குத் தாலி ஏறுகிற நேரத்தில் அவள் முகத்தைத் தன் கையாலேயே படம் எடுத்துவிட வேண்டும்.

இதை அவர் குடியிருப்பின் ஒளிப்பட ஆர்வலர் வட்டத்தில் போய்ச் சொன்னார். பதினோரு உறுப்பினர்கள், நான்கு கேமராக்கள். தலைவர் ரவிச்சந்திரன், எதைச் சொல்வதற்கும் முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பவர்.

"லென்ஸுங்கிறது ஒரு பொருள் இல்ல வெங்கட்," என்றார் துடைத்து முடித்து. "அது ஒரு நிலைப்பாடு."

நிலைப்பாட்டுக்கு ஒரு தொழில்நுட்பக் குழு அமைந்தது. தேவை விவரக் குறிப்பு எழுத உட்கார்ந்தார்கள். கல்யாண மேடை மொத்தமும் ஒரே படத்தில் விழ வேண்டும் என்றது முதல் விதி. கடைசி வரிசையிலிருந்தே பெண்ணின் மூக்குத்திக் கல்லை எண்ண முடிய வேண்டும் என்றது இரண்டாவது. கல்யாணத்துக்குப் பிறகும் பயன்பட வேண்டுமே என்று ஒருவர் வேடந்தாங்கல் நாரையைச் சேர்த்தார். இன்னொருவர் கோபுரத்தின் உச்சிக் கலசத்தை. "நிலாவை ஏன் விடணும்?" என்று கேட்டு ரவிச்சந்திரன் நிலாவையும் சேர்த்தார். பதினான்கு விதி ஆயிற்று. பதினான்குக்கும் ஒத்துவருகிற லென்ஸ் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அறுபதிலிருந்து அறுநூறு வரை நீளும். எடை இரண்டே முக்கால் கிலோ.

பங்குனிக் கடைசியில் பெட்டி வந்தது. ஜெகதாம்பாள் அதை ஒரு கையால் தூக்கப் பார்த்து, இரண்டாவது கையையும் கொடுத்தாள்.

"ஏன்னா, இது நம்மாத்து இட்லிப் பானையைவிடக் கனக்கறதே. கல்யாணத்தன்னிக்கு இதைக் கழுத்துல மாட்டிண்டு நீங்க சம்பந்திக்கு நமஸ்காரம் எப்படிப் பண்ணுவேள்?"

"பழக்கம்தான் ஜெகா. இன்னும் ரெண்டு மாசம் இருக்கே. தினம் தூக்கிண்டு நடக்கப் போறேன்."

"ஜாதகம் பொருந்தியிருக்கான்னு பாக்க மாட்டேன்னேள். இதுக்கு மட்டும் அப்படியே பதினாலு பொருத்தம்."

சித்திரை வெயில் ஏறுவதற்குள் நடந்துவிடுவார். குடியிருப்பைச் சுற்றி நான்கு நாள். பிறகு சனி ஞாயிறுகளில் மாமல்லபுரம் கடற்கரை. கேமராவோடு சேர்த்து மூன்றரைக் கிலோவுக்கு மேல் கழுத்தில் தொங்கும். நடக்கும்போது அது தொப்பையில் இடிக்கும். நின்றால் பின்கழுத்தை அறுக்கும். கரையில் படகுகளுக்கு நடுவே வலையைப் பிரித்துக்கொண்டிருந்த சின்னராசு மூன்றாவது வாரம் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டான்.

"இன்னா சார், வாரம் தவறாம வந்துகினு கீறீங்க. பீரங்கியாட்டம் ஒண்ணத் தூக்கினு. கடல்ல இன்னாதான் தேடறீங்க?"

"தேடலப்பா. பழகறேன். பொண்ணு கல்யாணத்துக்குப் படம் எடுக்கணும்."

"பொண்ணு கடல்லயா கீது?" என்று சிரித்தான். "குடுங்க சார், ஒருவாட்டி பாத்துட்டுத் தர்றேன்."

வாங்கிக் கண்ணில் வைத்தவன் கடலைப் பார்க்கவில்லை. ஊர்ப்பக்கம் திருப்பி வளையத்தைத் திருகினான்.

"அய்ய! குழாயாண்ட என் பொண்டாட்டி யார்கூடவோ சண்ட போட்டுகினு கீறா சார்! குடத்த ஓங்கறா பாரு... ஆமா, இத்துல இன்னா பேசறான்னு கேக்காதா?"

"கேக்காது."

"அப்ப இன்னாத்துக்கு இவ்ளோ வெயிட்டு?" என்று திருப்பிக் கொடுத்தான். பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, "கழுத்துல மாட்டாதீங்க சார். தோள்ல போட்டுக் கையால தாங்கினு போங்க. மாட்டுக்குக்கூட நுகத்தடிய அப்படிக் கட்ட மாட்டாங்கோ," என்றான்.

கழுத்து வாரோடு வந்த விளக்கப் புத்தகத்தில் தோளைப் பற்றி எதுவும் இல்லாததால் வெங்கடராகவன் அதை ஏற்கவில்லை.

கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது ரவிச்சந்திரன் ஒரு யோசனை சொன்னார். மண்டபம் திருக்கழுக்குன்றத்தில். மலை உச்சியிலிருந்து கீழே சங்கு தீர்த்தக் குளக்கரையில் போகிறவர்கள் முகம் அறுநூறில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டால், மண்டபத்தின் கடைசி வரிசை ஒரு பொருட்டே இல்லை. வெங்கடராகவன் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்நூற்றுச் சொச்சம் படியும் ஏறினார். ரவிச்சந்திரன் கீழே நின்று கையசைத்து முகம் காட்டினார். முகம் தெளிவாகவே விழுந்தது. இறங்கும்போதுதான், பாதி வழியில், ஒரு குரங்கு லென்ஸ் மூடியைக் குறிவைத்து வந்தது. அவர் சட்டென்று இடதுபக்கம் திரும்பினார். மேல்பாதி திரும்பியது, இடுப்பு திரும்பவில்லை. மூன்றரைக் கிலோ மட்டும் தன் வழியே போயிற்று.

மீதிப் படிகளை அவர் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். அதை ரவிச்சந்திரன் கீழிருந்து நான்கு படம் எடுத்தார்.

மறுநாள் செங்கல்பட்டில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தாழ உக்காரக் கூடாது. ரெண்டு கிலோவுக்கு மேல எதையும் தாங்கக் கூடாது. மூணு மாசம்," என்றார். வெங்கடராகவனுக்கு முதலில் தோன்றியது முக்கால் கிலோதானே அதிகம் என்பதுதான். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மடித்து லென்ஸ் பைக்குள், துடைக்கிற துணிக்கு அடியில் வைத்துக்கொண்டார். மலைக்குப் போகாதீர்கள் என்று ஜெகதாம்பாள் ஞாயிறு காலை மூன்று தடவை சொல்லியிருந்தாள். அதனால் வீட்டில் வாயுப்பிடிப்பு என்று சொல்லிவைத்தார்.

அடுத்த சனிக்கிழமை, கல்யாணத்தை நடத்திவைக்கிற வாத்தியார் சாமான் பட்டியலோடு வந்தார். நங்கநல்லூரிலிருந்து தம்பி ஷ்யாமும் வந்திருந்தான். விஷாகாவுக்கு அன்று விடுமுறை. உள்ளே ஜெகதாம்பாளோடு வெற்றிலை பாக்குப் பை எண்ணிக்கொண்டிருந்தாள். மாங்காய்ப் பச்சடி வாசனை. வெங்கடராகவன் முதுகுக்குத் தலையணை கொடுத்து நாற்காலியில் உட்கார்ந்து, மேடையின் வரைபடத்தை விரித்தார். அவர் நிற்கப்போகிற இடம் சிவப்பு மையில் வட்டமிடப்பட்டிருந்தது.

"மாமா, தாலி கட்டறச்சே யாரும் இந்தக் கோட்டைத் தாண்டி வரக் கூடாது. நான் இங்க நிப்பேன்."

வாத்தியார் வரைபடத்தை ஒருதரம் நேராகவும் ஒருதரம் தலைகீழாகவும் பார்த்தார்.

"நீர் இங்க நிப்பீர். சரி. பொண்ணு எங்க உக்காருவா?"

"இதோ, மேடை நடுவுல."

"நடுவுல எது மேல?"

"நெல் மூட்டை மேல."

"நெல் மூட்டை மேல பொண்ணோட அப்பா ஓய்! அப்பா மடி மேல பொண்ணு. நீர் இங்க நின்னுண்டு படம் எடுத்தா, அங்க மூட்டை மேல யாரு உக்காருவா? கேமராவா?"

வெங்கடராகவன் வரைபடத்தைப் பார்த்தார். பதினான்கு விதிகளையும் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். நாரை இருந்தது. நிலா இருந்தது. லென்ஸைப் பிடிக்கிறவர் அந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்று ஒரு விதி இல்லை.

உள்ளேயிருந்து ஜெகதாம்பாள் வந்து நின்றாள். "ஏன்னா, நம்ம கல்யாணத்துல நான் எங்கப்பா மடியிலதானே உக்காந்துண்டிருந்தேன்? நீங்கதானே எதிர்ல நின்னு தாலி கட்டினேள்?"

"ஆல்பத்துல தெரியலயே ஜெகா," என்றார் அவர், உண்மையாகவே.

ஷ்யாமுக்கு நாற்பத்தொன்பது வயது. இரண்டு வருஷமாக ஜிம்முக்குப் போகிறான். போகிறான் என்பது அவன் உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே தெரியும். "இதுல என்ன அண்ணா பிரச்சினை? மடியில நான் வச்சுக்கறேன். எண்பது கிலோ தூக்கறவன் நான். நீ ஆசைப்பட்டபடி படம் எடு."

"சித்தப்பா உக்காரலாம். சாஸ்திரத்துல இடம் உண்டு," என்றார் வாத்தியார், பட்டியலில் மஞ்சளைச் சேர்த்துக்கொண்டே.

வெங்கடராகவன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். யாரும் எதையும் கேட்காமலேயே ஒரு வழி திறந்துவிட்டது. "சரி," என்றார். "அப்படியே வச்சுக்கலாம்."

உள்ளே வெற்றிலை பாக்குப் பை எண்ணுகிற சத்தம் நின்றது.

எல்லோரும் போனபின் விஷாகா வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கையில் தைத்து முடிக்காத ஒரு பை.

"அப்பா, ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லாம சொல்லு. படம் எடுக்கறதுக்காகத்தான் என்னைச் சித்தப்பா மடிக்குத் தள்ளி விட்டியா?"

"தள்ளி விடலடி. சாஸ்திரத்துலயே..."

"சாஸ்திரத்தைக் கேக்கல. உன்னைக் கேக்கறேன்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். மூன்று மணிக் கடல்காற்று அப்போதுதான் ஏறி, கொடியில் காய்ந்த வேட்டியை ஊதிக்கொண்டிருந்தது. ஆமாம் என்றால் லென்ஸுக்காக மகளை விட்டவர் ஆவார். இல்லை என்றால் மலை ஏறியது வெளியே வரும். அலுவலகத்தில் இந்த மாதிரி நேரத்துக்கு 'மேலதிக விளக்கம் கோரப்படுகிறது' என்று எழுதிக் கோப்பைத் திருப்பிவிடலாம்.

"நல்ல படமா வரும்டி," என்றார்.

விஷாகா எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்தியதில் வேகம் இல்லை. அதுதான் அவருக்கு என்னமோ செய்தது.

சீட்டைக் கண்டெடுத்தது ஜெகதாம்பாள். மூக்குக்கண்ணாடி துடைக்க நல்ல துணி வேண்டுமென்று லென்ஸ் பைக்குள் கைவிட்டிருக்கிறாள். டாக்டர் எழுத்து அவளுக்குப் புரியவில்லை, தேதி புரிந்தது. மலைக்குப் போகாதீர்கள் என்று அவள் மூன்று தடவை சொன்னதற்கு மறுநாள். சீட்டை அவர் முன்னால் மேஜையில் வைத்தாள். திட்டவில்லை. மகள் அறைக் கதவைத் தட்டினாள்.

"விஷா, வந்து இதைப் படி. உங்கப்பா உன்னை விடல. முதுகை விட்டுட்டு வந்திருக்கார்."

விஷாகா நின்றபடியே படித்தாள். முதலில் சிரித்தாள். அப்புறம் கோபம் வந்தது.

"இதைச் சொல்லித் தொலைச்சா என்ன? நான் அரைநாளா என்னெல்லாம் நினைச்சுண்டேன் தெரியுமா? ஒரு லென்ஸோட போட்டி போட்டுத் தோத்துட்டேன்னு நினைச்சேன்!"

"அம்மா திட்டுவாளேன்னுதான்..."

"நான் இப்பவும் திட்டத்தான் போறேன்," என்றாள் ஜெகதாம்பாள். "முதல்ல காபியைக் குடிங்கோ."

"உன் வெயிட் என்னடி?" என்று கேட்டார் வெங்கடராகவன், காபிக்கு நடுவே.

"ஐம்பத்தெட்டு. டாக்டர் எவ்வளவு சொல்லியிருக்கார்?"

"ரெண்டு."

ஜெகதாம்பாள் எழுந்துபோய் வீட்டில் எவ்வளவு அரிசி இருக்கிறது என்று பார்த்தாள்.

மறுநாளிலிருந்து லென்ஸ் பீரோவுக்குள் போயிற்று. மடியில் கனம் ஏற்றிப் பழக அரிசி மூட்டை கூடத்துக்கு வந்தது. டாக்டரிடம் உண்மையைச் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டு, சில பயிற்சிகளையும் ஒரு இடுப்புப் பட்டையையும் எழுதிக் கொடுத்தார். "பத்து நிமிஷம் தாங்கினா உங்க அதிர்ஷ்டம். வலி மின்னல் மாதிரி கால்ல இறங்கினா உடனே எழுந்துடணும்." வெங்கடராகவன் தாழ்ந்த முக்காலியில் உட்காருவார். ஜெகதாம்பாளும் விஷாகாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து அரிசிப் பையை அவர் மடியில் இறக்குவார்கள். ஐந்து கிலோ. பத்து கிலோ. ஒரு வாரம் போனதும் இருபத்தாறு கிலோ பொன்னி. அதற்கு மேல் போனால் வலி காலுக்கு இறங்கியது. ஐம்பத்தெட்டுக்கு ஒத்திகை பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஷ்யாமுக்கும் ஒரு பஞ்சகச்சம் எடுத்தார்கள்.

லென்ஸ் சும்மா இருப்பது வட்டத்துக்கே இழுக்கு என்று ரவிச்சந்திரன் தானே வந்து அதை வாங்கிக்கொண்டு போனார். முகூர்த்தத்தைக் கடைசி வரிசையிலிருந்து தாம் எடுத்துத் தருவதாக வாக்கு.

கல்யாணத்துக்கு முதல்நாள் மாலை மண்டபத்தில் சீனுவைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பேசிவைத்திருந்த போட்டோகிராபர், உள்ளூர்க்காரன், நாற்பதை நெருங்குகிறவன். அவனுடைய லென்ஸ் குட்டையாக, ஓரமெல்லாம் கறுப்பு டேப் சுற்றி, அடிபட்ட டம்ளர் மாதிரி இருந்தது. ரவிச்சந்திரன் கழுத்தில் தொங்கியதைப் பார்த்ததும் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கினான்.

"அம்மாடி! ஷோக்கா கீது சார். ஆனா இத்த வெச்சிகினு உள்ள இன்னா பண்ணுவீங்க? மண்டபத்துல வெளிச்சம் பத்தாதே. இது கிரவுண்டுல மேச்சு எடுக்கறதுக்கு."

"இதோட ரீச் தெரியுமா உங்களுக்கு?" என்றார் ரவிச்சந்திரன், கண்ணாடியைக் கழற்றியபடி.

"தெரியும் சார். நான் கிட்டக்க பூடுவேன். எனக்கு ரீச்சு காலுதான்."

"தூக்கறதுக்கு உனக்குக் கஷ்டமா இல்லையாப்பா?" என்று கேட்டார் வெங்கடராகவன். இப்போது அவருக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

"ஒரு முகூர்த்த நாளுன்னா மூணு மண்டபம் சார். நாஸ்தா துன்ற நேரங்கூட கழட்ட மாட்டேன். உள்ளங்கைய அடியில குடுக்கணும், முழங்கைய தொப்ப மேல வெச்சிக்கணும். தொப்பதான் சார் ஸ்டாண்டு. எங்க வூட்ல கொறை கொறைன்னு சொல்லிகினு கீறா. தொழில வுட்டுட்டா கொறைக்கறேன்னுட்டேன்."

காலை ஏழே முக்காலுக்கு முகூர்த்தம். மின்விசிறி எல்லாம் ஓடியும் மேடையில் வெயில் காலம்தான். வெங்கடராகவன் பஞ்சகச்சத்துக்குள் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிழக்குப் பார்த்து நெல் மூட்டை மேல் இறங்கினார். ஷ்யாம் ஓர் அடி தள்ளித் தயாராக நின்றான், ஆட்டத்தில் அடுத்து இறங்கப்போகிறவன் மாதிரி தோளைச் சுழற்றிக்கொண்டு. ஜெகதாம்பாள் பக்கத்தில். விஷாகா அரக்குக் கூறைப்புடவையில் வந்து திரும்பி நின்று, மெதுவாக அவர் மடியில் உட்கார்ந்தாள்.

கனமே இல்லை.

வெங்கடராகவன் மூச்சை இழுத்துப் பிடித்துக் காத்திருந்தார். மந்திரம் ஓடியது. அவர் மடியில் பட்டுப்புடவையின் உராய்வு மட்டும் இருந்தது. அரிசிப் பையில் பாதிகூட இறங்கவில்லை. நல்ல சகுனம், ஏதோ தெய்வச் செயல் என்று ஒரு கணம் நினைத்தார். பிறகுதான் கவனித்தார். அவள் முதுகு நடுங்கிக்கொண்டிருந்தது. மாலைக்குக் கீழே கழுத்தில் வேர்வை கோடாக இறங்கியது. இரண்டு பாதத்தையும் பலகையில் அழுத்தி ஊன்றி, முழங்காலில் தன்னைத் தாங்கிக்கொண்டு, உட்கார்ந்தது மாதிரி நின்றுகொண்டிருந்தாள். ஐந்து நிமிஷமாக.

"விஷா," என்றார் காதருகே. "உக்காரு."

"உக்காந்துண்டுதான்பா இருக்கேன்."

"கால் நடுங்கறதுடி. உக்காரு நன்னா."

"உனக்கு வலிக்கும். இன்னும் ரெண்டு நிமிஷம்தான். பேசாம இரு, எல்லாரும் பாக்கறா."

யாரும் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. மேடையைச் சுற்றி இரண்டு வீடியோக்காரர்கள், செல்போன் நீட்டிய இருபது உறவினர்கள், நடுவில் சீனு. இவர்கள் எல்லோருடைய முதுகையும் கடைசி வரிசையிலிருந்து ரவிச்சந்திரன் துல்லியமாக எடுத்துக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் கை ஓய்ந்துபோய், லென்ஸை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தான் பக்கத்தில் நின்றுகொண்டார்.

அத்வைத் தாலியை எடுத்துக் குனிந்தான். வாத்தியார் மேளக்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

வெங்கடராகவன் இரண்டு கையாலும் மகளின் இடுப்பைப் பிடித்து, அழுத்தி, தன் மடியில் உட்காரவைத்தார். அவள் திமிறப் பார்த்தாள். விடவில்லை. ஐம்பத்தெட்டு கிலோவும், கூறைப்புடவையும், மாலையும், நகையும் ஒன்றாக இறங்கின. டாக்டர் சொன்ன மின்னல் இடுப்பில் புறப்பட்டுக் கணுக்கால் வரை போய்த் திரும்பியது. கெட்டிமேளம் முழங்கியது. அட்சதை மழையாக விழுந்தது. முதல் முடிச்சு விழுந்தது அவருக்குத் தெரியும். மற்ற இரண்டும் விழுந்தபோது கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பிடியை அவர் தளர்த்தவே இல்லை.

அவரை மூட்டையிலிருந்து எழுப்ப ஷ்யாமும் சம்பந்தியும் சேர வேண்டியிருந்தது. எண்பது கிலோ தூக்குகிறவன் மூச்சு வாங்கினான்.

மண்டபத்தின் பக்க அறையில் பெஞ்சில் அவரைப் படுக்கவைத்து, சமையல்கட்டிலிருந்து வெந்நீர் வாங்கி ஒத்தடம் கொடுத்துவிட்டு ஜெகதாம்பாள் பந்தி கவனிக்கப் போனாள். வெளியே பெண்கள் பேசிக்கொண்டு போவது கேட்டது. "வெங்கட்டுவைப் பாத்தியோ? பாவம், பொண்ணை விடவே மாட்டேன்னு இறுக்கிப் பிடிச்சுண்டு, கண்ணுல தாரை தாரையா..." "உசிரையே வச்சிருக்கார் அவ மேல."

சீனு கேமராவோடு உள்ளே வந்தான். பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து பின்பக்கத் திரையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"பாருங்க சார். இந்த மாதிரி வருசத்துல ஒண்ணு அமையும்."

விஷாகாவின் முகம் முழுசாக இருந்தது. குனிந்து, உதட்டைக் கடித்து. அத்வைத்தின் விரல்கள். அவற்றுக்கு மேலே வெங்கடராகவனின் முகம், கண்ணை இறுக்க மூடி, வாய் கோணி, கன்னம் இரண்டும் நனைந்து. எந்த முதுகும் குறுக்கே இல்லை.

"அழுகை இல்லப்பா அது," என்றார் வெங்கடராகவன். "இடுப்பு. டிஸ்க் வலி."

"சர்தான் சார்."

"நிஜமாத்தான் சொல்றேன். டாக்டர் எழுதியே கொடுத்திருக்கார்."

"நான் இல்லேன்னா சொன்னேன்? பதினேழு வருசமா எடுத்துகினு கீறேன் சார். போன முகூர்த்தத்துல ஒருத்தரு ஓமப் பொகைன்னாரு. செய்யூர்ல ஒருத்தரு, கண்ணாடி பவரு ஏறிப்போச்சின்னாரு. மதுராந்தகத்துல ஒரு பெரியவரு, இங்க யாரோ வெங்காயம் அரியறாங்கன்னு சண்டைக்கே வந்துட்டாரு, அது பந்தியெல்லாம் முடிஞ்சப்புறம்." சீனு அடுத்த படத்துக்குப் பட்டனை அமுக்கினான். "டாக்டராண்ட எழுதி வாங்கினு வந்தது நீங்க ஒருத்தர்தான் சார்."